நாற்பத்தொரு கட்டம்

மார்ச் 3

தம்பிக்கு அண்ணி எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன்.

பதினோரு வருஷம் கழித்து என்ன திடீர்க் கடிதம் என்று நினைப்பீர்கள். ஃபோனில் பேசலாம்தான். இடது காது போன வருஷமே போய்விட்டது. வலது காதில் உங்கள் குரல் டப்பாவில் அடைத்த வண்டு மாதிரிதான் விழும். நான் படித்தது அஞ்சாவது. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சிரிக்காமல் படியுங்கள்.

வலது காதும் இந்த வருஷக் கடைசிக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். போகட்டும். எழுபத்து மூன்று வருஷம் எல்லார் பேச்சையும் கேட்டாகிவிட்டது. ஒன்றுதான் பாக்கி.

உங்கள் அண்ணன் ரேடியோ நிலையத்தில் வாசித்த அந்த செல்லோ கன்செர்ட்டோ. எங்கேயோ ஒரு தேசத்தில் தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் நூற்று முப்பது வருஷத்துக்கு முன் எழுதினாரே, அது. அவர் எழுதியதும் அது ஒன்றுதான், உங்கள் அண்ணன் முன்னால் உட்கார்ந்து தனியாக வாசித்ததும் அது ஒன்றுதான். மற்ற நாளெல்லாம் வாத்தியக் குழுவில் மூன்றாவது வரிசை.

எட்டு மாதம் வீட்டில் அதைச் சாதகம் பண்ணினார். ஜன்னல் ஓரம் கை வைக்காத நாற்காலி, பக்கத்தில் முக்காலியில் நான். அவர் வாசிக்கிற பாகம் எனக்கு முழுசும் மனப்பாடம். ஆனால் நடுவில் அவர் சும்மா இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மற்றவர்கள் எல்லாரும் வாசிப்பார்கள், இவர் இசை நோட்டில் கோடு போட்டுப் பிரித்த கட்டங்களை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாற்பத்தொரு கட்டம். வாய்விட்டு எண்ணுவார். முப்பத்தொன்பதில் என்னைப் பார்க்காமலே "ம்" என்பார். நான் பக்கத்தைத் திருப்புவேன். எனக்கு நோட்டு படிக்கத் தெரியாது. அந்த "ம்" தெரியும்.

அந்த நாற்பத்தொரு கட்டத்தில் மற்றவர்கள் என்ன வாசிப்பார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேடியோவில் போடுவார்கள் என்று காத்திருந்தேன், கேட்க வாய்க்கவில்லை. ஒலிப்பதிவு அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது. சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொல்லி என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது யார் என்று நான் எழுத வேண்டாம்.

பதிவு அறையில் இருந்தவர் நீங்கள். அந்த டேப் எங்கே?

இப்படிக்கு,
அண்ணி


மார்ச் 29

மதிப்புக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. காது பற்றி எழுதியிருந்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கு ரத்த அழுத்தம் மட்டும்தான், மாத்திரையில் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் நிலையத்தில் டேப் பற்றாக்குறை. ஒலிபரப்பு முடிந்ததை அழித்து அதன் மேலேயே வேறு பதிவார்கள். பதிவேட்டில் அந்த டேப் எண்ணுக்கு நேரே "மறுபயன்பாட்டுக்கு" என்று எழுதியிருந்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இதே வேலைதான். யாரும் வாசிக்காமல் விட்ட பழைய செல்லோ கன்செர்ட்டோக்களைத் தேடிச் சேர்க்கிறேன். பல ஊர்களிலிருந்து நோட்டும் இசைத்தட்டும் வரவழைத்து ஓர் அலமாரி நிறைந்துவிட்டது. அதிலிருந்து ஒன்று கேசட்டில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பல் மருத்துவர் ஒருவர் எழுதியது. நடுப்பகுதி இதமாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள்,
தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு அண்ணி எழுதுவது. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். உங்களுக்குப் பதின்மூன்று வயதிலேயே மருந்தைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிற பழக்கம்.

டேப்பைக் கேட்டேன், பல் டாக்டரை அனுப்பியிருக்கிறீர்கள். கேட்டேன். வாயைத் திற, வாயைத் திற என்று சொல்லிக்கொண்டே ஒன்றும் பிடுங்காமல் அனுப்பிவிடுகிறார்.

நீங்கள் சொல்லவில்லை என்றால் எனக்குக் கால் இல்லையா? இசைக் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். வாசலில் இருந்தவர் "மருத்துவமனை அந்தப் பக்கம் பாட்டி" என்றார். உள்ளே நூலகக்காரப் பெண் நல்ல மாதிரி. பெயர் தெரியாது, எழுதினவர் தபால் ஆபீஸில் இருந்தார், பாட்டு இதுதான் என்று முனகிக் காட்டினேன். சுற்றிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். முதலில் ஊர் முழுக்கத் தெரிந்த இரண்டு மூன்றைப் போட்டாள். "செல்லோன்னா எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க பாட்டி" என்றாள். "எல்லாரும் கேக்கறதைக் கேக்க நான் எதுக்கும்மா ரெண்டு பஸ் மாறி வரணும்?" என்றேன்.

மூன்றாம் தடவை போனபோது எங்கிருந்தோ ஒரு பழைய வெளிநாட்டு இசைத்தட்டைத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். அதேதான்! ஆனால் அந்த இடம் வந்தது, நான் விரலில் எண்ணினேன். இருபத்து மூன்றில் செல்லோ வந்துவிட்டது. "நிறுத்தும்மா, இதுல நடுவுல வெட்டியிருக்காங்க" என்றேன். "வெட்டியிருக்காது பாட்டி, உங்களுக்கு எண்ணிக்கை தப்பியிருக்கும்" என்றாள். அடுத்த வாரம் முழு நோட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நாற்பத்தொன்று. இசைத்தட்டில் இடம் போதாது என்று பதினெட்டை எடுத்துவிட்டார்களாம்.

"வெட்டின இடத்துல எந்த வாத்தியம் வருதுன்னு சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். காதால் கேட்க வேண்டியதை இன்னொருவர் வாயால் தெரிந்துகொண்டு என்ன பண்ண?

ஆக, முழுசாக வாசித்தது உங்கள் அண்ணன் ஒருவர்தான். ஒலிப்பதிவு அன்றைக்கு நிலைய வராந்தாவில் மூன்று மணி நேரம் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சு, ஒரு கால் குட்டை. மடியில் ஃபிளாஸ்க். கதவு மெத்தை வைத்த கதவு, ஒரு துளி சத்தம் வெளியே வரவில்லை. "உள்ளே ஒரு ஓரமா நிக்கறேன்டா" என்று உங்களிடம் கெஞ்சினேன். என் கையால் சோறு போட்டு வளர்த்த பிள்ளையிடம் கெஞ்சினேன். அன்றோடு "டா" போயிற்று, "நீங்கள்" வந்தது.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதிவேட்டில் எழுதியிருந்தது என்கிறீர்கள். "நான் அழித்தேன்" என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 2

மதிப்புக்குரிய அண்ணிக்கு வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். வீட்டுக்கு வெள்ளையடித்ததில் எல்லாம் தலைகீழாகக் கிடந்தது.

நீங்கள் எண்ணிக் கண்டுபிடித்ததை நினைத்து நினைத்துச் சிரித்தேன், பெருமையாகவும் இருந்தது. அலமாரியில் உள்ள நாற்பது சொச்சம் கன்செர்ட்டோவில் எதிலெதில் வெட்டியிருக்கிறது என்று எனக்கே தெரியாது.

இன்னும் இரண்டு கேசட் அனுப்பியிருக்கிறேன். ஒன்று, பத்தொன்பது வயதில் இறந்துபோன பெண் எழுதியது. அதன் கடைசிப் பக்கம் கிடைக்கவில்லை, அதனால் சட்டென்று நின்றுவிடும், பயப்பட வேண்டாம். இன்னொன்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் எழுதியது.

அண்ணி, ஒன்று சொல்கிறேன். நாம் மனதில் வைத்திருப்பது போலப் பதிவு இருப்பதில்லை. அண்ணன் அன்று ஓர் இடத்தில் தாமதமாக நுழைந்துவிட்டார், அதனால்தான் அது ஒலிபரப்பாகவே இல்லை. நீங்கள் முக்காலியில் உட்கார்ந்து கேட்டதுதான் நல்ல வாசிப்பு. அதுவே இருக்கட்டுமே.

வலது காதுக்கு டாக்டர் என்ன சொன்னார்? இன்னும் எவ்வளவு மாதம் என்றார்?

தங்கள்,
தம்பி


ஜூன் 9

தம்பிக்கு.

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.

ஒலிபரப்பானதை அழித்துவிடுவார்கள் என்று மார்ச்சில் எழுதினீர்கள். ஒலிபரப்பாகவே இல்லை என்று ஜூனில் எழுதுகிறீர்கள். இரண்டு கடிதமும் என் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எனக்குக் காதுதான் போகிறது.

உங்கள் அண்ணன் தாமதமாக நுழைகிற ஆள் இல்லை. எந்த இடம்?

அண்ணி


ஜூலை 20

தம்பிக்கு அண்ணி எழுதுவது. ஆறு வாரமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? போன கடிதத்தில் விசாரிக்காமல் விட்டதை இதில் சேர்த்து விசாரிக்கிறேன்.

இங்கே ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகிறது. முதலில் வாசல் மணி போயிற்று. பிறகு குக்கர் விசில். அது ஊதி ஊதி அடிப்பிடித்து, கீழ்வீட்டம்மா வந்து கதவைத் தட்டி, அதுவும் கேட்காமல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார். பேத்தி கடல் தாண்டி இருந்துகொண்டு ஃபோனில் முகத்தைக் காட்டிப் பேசுகிறாள். வாய் அசைகிறது, நான் சிரித்துத் தலையாட்டுகிறேன். போன வாரம் அவள் அழுதிருக்கிறாள், நான் அதற்கும் சிரித்துத் தலையாட்டினேனாம். பிறகு மகள் எழுதித்தான் தெரிந்தது.

மெல்லிசான சத்தம் முதலில் போகுமாம், கனமான சத்தம் கடைசியில்தான் போகுமாம். டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். உங்கள் அண்ணன் வயலின் வாசித்திருந்தால் இந்நேரம் எல்லாம் முடிந்திருக்கும். செல்லோவாகப் போனதால் எனக்குக் கொஞ்சம் அவகாசம்.

சாயங்காலம் முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தப் பாகத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஓட்டுகிறேன். அந்த இடம் வந்ததும் நானே எண்ணுகிறேன். எண்ண எண்ண உள்ளே ஒன்றும் இல்லை தம்பி. வெறும் எண்தான் இருக்கிறது. ஒரு மனுஷனோடு பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று தெரியாமல் இருக்கிறேன்.

அந்த இன்ஸ்பெக்டர் கன்செர்ட்டோ நீளம். அந்தப் பெண்ணுடையதை இரண்டு தடவை கேட்டேன். நின்றுபோகிற இடத்தில் பயப்படவில்லை.

இப்படிக்கு,
அண்ணி


ஆகஸ்ட் 21

அண்ணிக்கு வணக்கம்.

இத்துடன் ஒரு பெட்டி வருகிறது. அதில் இருப்பது அந்த டேப்தான். முப்பத்து நாலு வருஷமாக என்னிடம்தான் இருக்கிறது. அழிக்கச் சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்கள். அழிக்கவில்லை.

பெரிய ரீல், வீட்டு கேசட் பெட்டியில் ஓடாது. பழைய மெஷின் வைத்திருக்கிற ரிப்பேர் கடை ஏதாவது இருக்கும். முடிந்தால் பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள்.

உடம்பு நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

தம்பி


செப்டம்பர் 2

தம்பிக்கு.

நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்கு மனசாட்சி எப்படி இருக்கிறது?

ரேடியோ ரிப்பேர்காரர் மூன்று நாள் மெஷினைத் துடைத்து, பெல்ட் மாற்றி, என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ரீலை மாட்டினார். முதலில் யாரோ பேசுகிறார்கள், என்ன பாஷை என்றே தெரியவில்லை. அப்புறம் ஒரே களேபரம். ஒவ்வொரு சத்தமும் ஒன்றுமில்லாமல் தொடங்கி, வீங்கி வீங்கி, சட்டென்று கழுத்தை அறுத்தது போல நிற்கிறது. ரிப்பேர்காரர் "டேப் கெட்டுப்போச்சு பாட்டி, விட்டுடுங்க" என்றார். கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். என் காதுக்கு இது போதும் என்று நினைத்து எதையோ அனுப்பினீர்களா? அன்று வாசலில் நிறுத்தினீர்கள், இன்று கடைத்தெருவில் நிறுத்திவிட்டீர்கள்.

ஆனால் ஒன்று. அந்தப் பாஷை தெரியாத பேச்சில் ஒரு குரல் உங்கள் அண்ணனுடையது. தலைகீழாகப் போட்டு உலுக்கினாலும் எனக்குத் தெரியும். அவர் என்ன சொல்கிறார்?

அண்ணி


செப்டம்பர் 10

அண்ணிக்கு வணக்கம். இந்தக் கடிதம் விரைவுத் தபாலில் வருகிறது.

தப்பு என்னுடையதுதான், சொல்லாமல் அனுப்பிவிட்டேன். நீங்கள் எழுதினபடியேதான், அது தலைகீழாக ஓடியிருக்கிறது. எங்கள் பதிவு அறையில் ஓடி முடிந்த டேப்பைத் திருப்பிச் சுற்ற மாட்டோம். முடிவு வெளிப்பக்கமாக இருக்க, அப்படியே பெட்டியில் வைப்போம். சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் சத்தம் அடுத்த சுற்றில் லேசாக ஒட்டிக்கொள்ளும். ஆரம்பத்துக்குச் சுற்றி வைத்தால் அந்தப் பொய்ச் சத்தம் நிஜச் சத்தத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடும். இப்படி வைத்தால் பின்னால் வரும், எதிரொலி போல அடங்கிவிடும். வெளியே சிவப்பு நாடா இருக்கிறதே, அதுதான் முடிவு. ரிப்பேர்காரரிடம் முழுக்கத் திருப்பிச் சுற்றச் சொல்லுங்கள். பச்சை நாடா வரும். அங்கிருந்து ஓட்டச் சொல்லுங்கள்.

வாசித்து முடிந்ததும் மெஷினை நிறுத்த மறந்துவிட்டேன். அதனால்தான் பேச்சும் பதிவாகியிருக்கிறது. அந்தப் பேச்சை வெட்டிவிட்டு உங்களுக்கு அனுப்பலாம் என்று பல தடவை பிளேடை எடுத்திருக்கிறேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற அண்ணன் குரலை வெட்டுவதா என்று வைத்துவிடுவேன். வெட்டாமல் அனுப்பினால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். இப்படியே இத்தனை வருஷம்.

அவர் என்ன சொல்கிறார் என்பதை அவரே சொல்லட்டும்.

தம்பி


அக்டோபர் 4

தம்பிக்கு அண்ணி எழுதுவது. நான் சுகம். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

பச்சை நாடாவிலிருந்து கேட்டேன். ரிப்பேர்காரர் காதில் மாட்டுகிற பெரிய கருவியை வலது பக்கம் வைத்து அழுத்திக் கட்டிவிட்டு, கடை வாசலில் போய் நின்றுகொண்டார்.

உங்கள் அண்ணன் வந்தார். முதல் வில் இழுப்பிலேயே தெரிந்தது. வில்லுக்கு முடி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக் கடைசிப் பத்து நாள் வீட்டில் வாசிக்கவே இல்லை, நினைவிருக்கிறதா? இழுப்பு ஒரு மயிரிழை ஆடியது. அந்த வில் கடைக்கே போகவில்லை என்று அந்த ஒரு இழுப்பில் எனக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அந்த இடம். நான் எண்ண ஆரம்பித்தேன். முதலில் எல்லாரும் சேர்ந்து பெரிதாக வாசிக்கிறார்கள், மலைச்சரிவில் வண்டி இறங்குவது போல. பன்னிரண்டில் அடங்குகிறது. அதற்கப்புறம் ஒரே ஒரு ஊதுகுழல், பாவம், தனியாக. கிளாரினெட் என்று நூலகக்காரப் பெண் பிறகு சொன்னாள். அது வாசிப்பது உங்கள் அண்ணன் அதற்கப்புறம் வாசிக்கப்போகிற அதே பாட்டு தம்பி. அரைகுறையாக, தெரியாதவர் வழி கேட்பது போல வாசிக்கிறது. எட்டு மாதம் அவர் பதில் சொல்வதை மட்டும் கேட்டிருக்கிறேன். கேள்வி இதுதான்.

முப்பத்தொன்பதில் "ம்" என்றார்.

மைக் பக்கத்திலேயே இருந்திருக்கிறது, தெளிவாக விழுந்தது. "ம்". அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் காகிதம் சரசரக்கிறது, ஒரு தடவை, இரண்டு தடவை. பக்கம் பிடிபடவில்லை. நாற்பத்தொன்று தாண்டிவிட்டது. கிளாரினெட் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டே காத்திருக்கிறது. அதற்கப்புறம்தான் நுழைகிறார். எந்த இடம் என்று கேட்டிருந்தேனே, என் இடம்தான்.

முடிந்ததும் பேச்சு. உனக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன், என் காதில் விழுந்தது சரிதானா என்று பார்.

"இன்னொரு தடவை போலாமா அண்ணா? நடுவுல லேட்டாயிடுச்சு."

"இன்னொரு தடவைக்கு இந்தக் கை வராதுடா. எப்படி ஆடுது பாரு."

"அண்ணி வெளியில உக்காந்திருக்காங்க. எம்மேல பயங்கரக் கோவம். நீங்கதான் விட வேணாம்னு சொன்னீங்கன்னு சொல்லிடறேனே."

"வாயைத் திறக்காதே. உள்ள வந்திருந்தா கையைப் பாத்திருப்பா. பாத்திருந்தா வில்லைப் பிடுங்கிட்டு நேரா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பா. எனக்கு இது ஒண்ணுதான்டா கிடைச்சுது. நீயே வாங்கிக் கட்டிக்கோ. உன்னைன்னா ரெண்டு நாள்ல மறந்துடுவா."

ரெண்டு நாளாம்! என்னோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனுக்கு என்னைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்த வருஷமே அவர் போய்விட்டார். அப்போதாவது நீ சொல்லியிருக்கலாம். துக்கத்துக்கு வந்தவனை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மகள் கல்யாணத்தில் உன் இலைக்கு நான் பரிமாறாமல் தாண்டிப் போனேன், அப்போதும் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய். இது எல்லாவற்றுக்கும் சேர்த்து உன்மேல் இப்போது புதுசாகக் கோபம் வந்திருக்கிறது. இதை எத்தனை நாள் வைத்துக்கொள்வேன் என்று தெரியாது. எழுபத்து மூன்று வயதில் பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்ள முடியாது.

வியாழக்கிழமை தோறும் கடைக்குப் போகிறேன். கிளாரினெட் போன வாரத்தை விட இந்த வாரம் சன்னமாகிவிட்டது. உங்கள் அண்ணன் அப்படியே இருக்கிறார். முப்பத்தொன்பது வந்தால் என் கை தானாக மேலே போகிறது. நேற்று ரிப்பேர்காரர் பார்த்துவிட்டு "என்ன பாட்டி, கொசுவா?" என்றார். ஆமாம் என்றேன்.

கேட்டு முடித்த பிறகு திருப்பிச் சுற்றச் சொல்வதில்லை. சிவப்பு நாடா வெளியில் இருக்க, நீ வைத்தபடியேதான் பெட்டியில் வைக்கிறேன்.

அலமாரியிலிருந்து இன்னும் ஏதாவது கொண்டு வா. தபாலில் வேண்டாம், நீயே கொண்டு வா. மணி அடிக்காதே, எனக்குக் கேட்காது. கதவைச் சும்மா சாத்தித்தான் வைத்திருக்கிறேன். தள்ளிக்கொண்டு உள்ளே வாடா.

அண்ணி